பறப்பவளும் பொறுக்குபவனும்

எனக்கு அப்போது ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. என் மனைவிக்கு மலையிலிருந்து பறப்பது பொழுதுபோக்கு. இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் எங்கள் கிளையில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் புரையேறும். வருடக்கணக்கில் புரையேறியது. மேலாளர் திங்கட்கிழமை தவறாமல், "என்ன சார், வீட்ல நேத்து பத்திரமா இறங்கினாங்களா?" என்று விசாரிப்பார். விசாரித்துவிட்டு, அவள் பாலிசி எங்கள் கிளையில் எடுக்கப்படவில்லை என்பதை இன்னொரு முறை உறுதி செய்துகொள்வார். அக்கறை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

பாராகிளைடிங்கில் இயந்திரம் கிடையாது. துணியாலான ஓர் இறக்கை, அதிலிருந்து தொங்கும் நூல்கள், நூல்களின் முனையில் ஓர் இருக்கை, இருக்கையில் ஒரு வேதியியல் ஆசிரியை. அவ்வளவுதான். வெயிலில் காய்ந்த தரையிலிருந்து சூடான காற்று தூண் தூணாக மேலே கிளம்பும். தூண் கண்ணுக்குத் தெரியாது. அதைத் தேடிப் பிடித்து உள்ளே வட்டமடித்தால் மேலே போகலாம். மேலே போனபின் அடுத்த தூண் வரைக்கும் சறுக்கிக்கொண்டு போகலாம். பந்தயமென்றால், இன்னின்ன இடங்களைத் தொட்டுவிட்டு இந்தப் புல்வெளியில் வந்து இறங்கு என்று ஒரு பாதை கொடுப்பார்கள். அடுத்த தூண் கிடைக்காதவர்கள் கிடைத்த இடத்தில் இறங்குவார்கள். அங்கேதான் என் உத்தியோகம் ஆரம்பம். போய்ப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும்.

இவளை நான் எங்கெல்லாம் பொறுக்கியிருக்கிறேன் என்று இப்போது நினைத்தால் ஆசையாக இருக்கிறது. வெங்காய வயலில் பொறுக்கியிருக்கிறேன். ஒரு கால்பந்து ஆட்டத்தின் நடுவில், இரண்டு அணிகளும் நடுவரும் ஒரே ஆளைத் திட்டிக்கொண்டிருந்த அபூர்வமான ஒற்றுமைக் காட்சியில் பொறுக்கியிருக்கிறேன். சிறைச்சாலையின் பின்பக்கத் தோட்டத்தில் இறங்கியவளை, அவள் உள்ளேயிருந்து தப்பியவள் அல்ல, வெளியேயிருந்து வந்தவள் என்று காவலரிடம் நிரூபித்து மீட்டு வந்திருக்கிறேன்.

வண்டி, ரொட்டிக் கம்பெனி ஒன்று கழித்துவிட்ட பழைய வேன். பக்கவாட்டில் வரைந்திருந்த ரொட்டியை நாங்கள் அழிக்கவில்லை. அதனால் எந்தக் குக்கிராமத்தில் நிறுத்தினாலும் யாராவது பையோடு வந்து நிற்பார்கள். உள்ளே ஈரத்துணி, புல், பழைய மாவு மூன்றும் கலந்த ஒரு வாசனை. இப்போது எங்களிடம் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் கார் இருக்கிறது. அதில் ஒரு வாசனையும் இல்லை. காரில் ஏறினால் எங்கே போகிறோம் என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அப்போதெல்லாம் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது சாயங்காலம் என் மனைவி எந்த மாவட்டத்தில் கிடைப்பாள் என்று எனக்குத் தெரியாது.

வயர்லெஸ்ஸில் பெயர் சொல்லக் கூடாது, உறவு சொல்லக் கூடாது என்பது கிளப்பின் சட்டம். அவள் இறக்கையின் நிறம் பச்சை, ஆகவே அவள் பச்சை. நான் வண்டி. கல்யாணமான பெண் நாள் முழுக்கக் கணவனை "வண்டி, வண்டி" என்று கூப்பிடுவதற்கு இந்த விளையாட்டில் மட்டும்தான் அனுமதி உண்டு.

சட்டம் போட்டவர் கிளப்பின் தலைவர். பெரிய மரக்கடை முதலாளி. எங்கள் பக்கத்தில் அவரைப்போலப் பறப்பவர் கிடையாது, அதை மறுக்க முடியாது. மறுப்பதற்கு அவர் இடைவெளி விட்டதும் கிடையாது. 'கழுகு' என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் வைத்ததாகச் சொல்வார். வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தால் போதும், மேடைத் தமிழ் வந்துவிடும். "நண்பர்களே, வானம் நம்மை வரவேற்கிறது" என்பார். காற்று இல்லாமல் எல்லோரும் மலை உச்சியில் வெறுமனே உட்கார்ந்திருக்கும் நாட்களில், "வானம் நம் பொறுமையைச் சோதிக்கிறது" என்பார். வானத்துக்கு வேறு வேலையே இல்லை.

பந்தயத்தின் கடைசிப் புல்வெளிக்கு கோல் என்று பெயர். என் மனைவி அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட கோலைத் தொட்டதில்லை. ஒரு தடவை அடுத்த வயல்வரை வந்துவிட்டாள். வேலிக்கு அந்தப்புறம் கைதட்டல் கேட்க, இந்தப்புறம் நின்று இறக்கையை மடித்தாள். அன்றைக்கு வண்டியில் அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை, என் வரலாற்றில் அது பெரிய சாதனை.

பிறகு முட்டி கெட்டது. எலும்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்த சீசனோட நிறுத்திக்குங்க டீச்சர். அடுத்த சீசன்ல நீங்க ஒரு பக்கம் இறங்குவீங்க, முட்டி ஒரு பக்கம் இறங்கும்" என்று சொல்லிவிட்டார். அந்த சீசனில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பந்தயம். மூன்று நாள் பந்தயத்தில் முதல் நாள் காற்று பலமாக அடித்து ரத்தானது. மூன்றாம் நாள் மழை நிச்சயம் என்று வானொலி சொல்லிவிட்டது. ஆக, கோலைத் தொட அவளுக்கு இருந்தது நடுவிலிருந்த அந்த ஒரு நாள்.  முந்தின இரவு அவள் காலணியின் நாடாவைப் புதிதாக மாற்றினாள்.

காலையில் மலை உச்சியில் பலகை வைத்துப் பாதையை விளக்கினார்கள். முதலில் மேட்டிலுள்ள தொலைபேசிக் கோபுரம், அப்புறம் கிழக்கே செங்கல் சூளை, கடைசியில் கால்வாயோரக் குதிரைப் பண்ணையின் மேய்ச்சல் வெளி, அதுதான் கோல். போன வருடம் வரைக்கும் சூளைக்குப் பதிலாக வடக்கே ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. தொட்டியின் அடியில் ஒரு விவசாயியின் உருளைக்கிழங்கு வயல். போன வருடம் இவர்கள் கூட்டமாக அங்கே இறங்கிக் கிழங்கை முன்கூட்டியே மசித்துவிட்டதால், அவர் மண்வெட்டியோடு கிளப்புக்கே வந்துவிட்டார். அதனால்தான் இந்த மாற்றம் என்று செயலாளர் இரண்டு முறை சொன்னார்.

தலைவர் அந்த விளக்கத்துக்கு வரவில்லை. சற்றுத் தள்ளி, புது மஞ்சள் இறக்கையின் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு பத்திரிகைக்காரரிடம் சுதந்திரம் என்றால் என்ன என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாதையைப் பதிந்து வைத்தால் பறக்கும்போது வழிகாட்டும் கருவி ஒன்று ஒவ்வொருவரிடமும் உண்டு; அவருடைய கருவியில் போன வருடப் பாதை அப்படியே இருந்தது.

அந்த விஷயம் அப்போது யாருக்கும் தெரியாது. எல்லோரும் கிளம்பினார்கள். கொஞ்ச நேரத்திலேயே என் வண்டிக்கு முதல் கிராக்கி வந்துவிட்டது. பல் டாக்டர். கிளப்பில் அவருக்குப் பெயர் வால். தானாகத் தூண் தேடும் வழக்கம் அவருக்கு இல்லை. யாராவது மேலே போனால் பின்னாலேயே போய் ஒட்டிக்கொள்வார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட ஆள் கீழே இறங்கிவிட்டார், வாலும் இறங்கிவிட்டது. இறக்கையைச் சுருட்டி என் வண்டிக்குள் எறிந்துவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"யாரை நம்பறதுன்னே தெரியல சார் இந்தக் காலத்துல" என்றார்.

அவர் வந்தது நல்லதாகப் போயிற்று. எனக்குச் சாலைதான் தெரியும். மேலே நடப்பதை அவர் கழுத்தை வெளியே நீட்டிப் பார்த்து வர்ணனை சொன்னார். முப்பது முப்பத்தைந்து பேர் கோபுரத்தின் மேல் ஒரே தூணில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். உச்சியில் மஞ்சள். எல்லோருக்கும் கீழே, எல்லோருக்கும் பின்னால், ஒரு பச்சைப் பொட்டு. பிறகு மஞ்சள் தூணைவிட்டு நீங்கிச் சறுக்க ஆரம்பித்தது. ஒருவர் பின் ஒருவராக மொத்தக் கூட்டமும் சறுக்கியது. வடக்குப் பக்கம்.

"சூளை கிழக்கேதானே?" என்றேன்.

"அங்க ஏதாச்சும் நல்ல காத்து இருக்கும். அவருக்குத் தெரியும்" என்றார் டாக்டர். "சுத்திட்டுப் போய் சூளையைத் தொடுவார்."

இந்த விளையாட்டின் விசேஷமே அதுதான். நல்ல காற்று கிடைக்குமென்றால் வழியைவிட்டு விலகிப் போவார்கள், அதில் தப்பில்லை. ஆகவே ஒருவன் தப்பான பக்கம் போனால், அது தப்பா, ஞானமா என்று பின்னால் வருபவனுக்குச் சொல்ல முடியாது. பெரிய ஆள் போனால் ஞானம். வால் போனால் தப்பு. முப்பது கருவிகளும் கிழக்கே என்று அம்பு காட்டின. முப்பது பேரும் அம்பைப் பார்த்தார்கள், மஞ்சளைப் பார்த்தார்கள், வடக்கே போனார்கள். நான் வேலை பார்த்த அலுவலகத்தின் தலைமையகம் இதே முறையில்தான் இயங்கியது என்பதால் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

தலைவர் வழி தவறிவிட்டார் போலிருக்கிறது என்று பொதுச் சேனலில் எச்சரிக்கலாமா என்று கேட்டேன். விபத்தைத் தவிர வேறு எதற்கும் அந்தச் சேனலில் வாய் திறக்கக் கூடாது என்று தலைவரே சட்டம் போட்டிருந்தார். போன வருடம் அதில் காலை வணக்கம் சொன்னதற்கு டாக்டரை ஒரு பந்தயம் தள்ளி வைத்தார்கள். டாக்டர் அதை நினைவூட்டிவிட்டு வயர்லெஸ்ஸைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டார்.

அப்போது எங்கள் தனிச் சேனல் கரகரத்தது.

"வண்டி, பச்சை பேசறேன். எல்லாரும் வடக்க போறாங்க."

"தெரியுது, பச்சை."

"என் மெஷின் கிழக்கங்குது. தனியா போனா அடுத்த தூண் கிடைக்குமோ கிடைக்காதோ."

டாக்டர் என் கையைப் பிடித்தார். "கூட்டத்தோட போகச் சொல்லுங்க சார். நாலு பேர் சுத்தினாத்தான் எங்க காத்து ஏறுதுன்னு தெரியும். தனி ஆளுக்கு ஒண்ணும் தெரியாது. சூளைக்கு முன்னாலயே தரைக்கு வந்துடுவாங்க." அவர் சொன்னதில் பொய் இல்லை. கூட்டத்தோடு போனால் தப்பான இடத்துக்காவது உயரமாகப் போகலாம்.

வயர்லெஸ் மறுபடி கரகரத்தது. இந்தத் தடவை சட்டத்தை மீறிவிட்டாள்.

"ஏங்க, நீங்க சொல்லுங்க. எந்தப் பக்கம் போறது?"

அத்தனை வருடத்தில் பறப்பதைப் பற்றி அவள் என்னிடம் யோசனை கேட்டதே இல்லை. வெந்நீர் வைப்பதைப் பற்றிக்கூடக் கேட்டதில்லை. 

"எனக்குக் காத்து தெரியாதும்மா" என்றேன். "காலையில சூளைன்னுதான் சொன்னாங்க. நான் சூளைக்குத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்."



"சரி, அப்ப நானும் அங்கயே வரேன்."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். பல்லைப் பிடுங்கும்போது நோயாளிகள் எப்படி மூடிக்கொள்வார்களோ, அப்படி.

சூளைக்கு நாங்கள் முதலில் போய்விட்டோம். வெந்த மண்ணின் சூடு சாலைவரை அடித்தது. புகைபோக்கியிலிருந்து புகை சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. தொழிலாளிகள் சிலர் ரொட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு வண்டியை நோக்கி வந்தார்கள். வந்தவர்கள் மேலே பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள். பச்சை இறக்கை கூரை மட்டத்துக்குச் சற்று மேலேதான் வந்துகொண்டிருந்தது. எனக்கு அவள் காலணியின் அடிப்பாகம் தெரிந்தது. எத்தனையோ மனைவிமார்களை முகத்தை வைத்துத்தான் கணவன்மார்கள் அடையாளம் சொல்வார்கள். நான் உள்ளங்காலை வைத்துச் சொல்வேன்.

இறங்குவதற்குப் பக்கத்துத் தரிசைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்; வண்டியைத் திருப்ப இடம் இருக்கிறதா என்று. அப்போது டாக்டர், "புகையைப் பாருங்க, நிமிருது" என்றார். சாய்ந்திருந்த புகை மெள்ள நேராக எழுந்து நின்றது. மேலிருந்து ஏதோ ஒன்று அதை இழுப்பதைப்போல் இருந்தது. அவளும் அதைப் பார்த்திருக்க வேண்டும். தரிசை விட்டுவிட்டு, புகையின் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டாள். இன்னொரு வட்டம். காற்று ஏறினால் கருவி கீச்சுக்குரலில் கத்தும். அது கீழே நின்ற எங்களுக்கே கேட்டது, முதலில் விட்டு விட்டு, பிறகு நிறுத்தாமல். தொழிலாளிகளில் ஒருவர் கையைத் தலைக்குமேல் உயர்த்திச் சுழற்றி, சுத்து, சுத்து என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் நிபுணர்கள் ஆகிவிட்டோம். உள்ளங்கால் சிறுத்து, இறக்கை ஒரு இலை அளவாகி, கிழக்கே நகர்ந்தது.

தண்ணீர்த் தொட்டியில் நடந்ததை மற்ற வண்டிக்காரர்கள் பிற்பாடு சொல்லக் கேட்டேன். தொட்டிமேல் போனதும் தலைவரின் கருவி மட்டும் வெற்றிகரமாக மணியடித்திருக்கிறது. மற்றவர்களின் கருவிகள் மௌனம் காத்தன. அப்போதுதான் எல்லோருக்கும் பகுத்தறிவு பிறந்தது. சூளைப் பக்கம் திரும்பினால் எதிர்க்காற்று. மேகம் வந்து வடக்கே வெயிலை மூடியதும் தூண்கள் செத்துப்போயின. கூட்டம் மொத்தமும் உருளைக்கிழங்கில் இறங்கியது. விவசாயி வரப்பில் வந்து நின்று மஞ்சள் இறக்கைக்காரரிடம், "போன வருஷம் மிதிச்சது பத்தலையா ஐயா?" என்று மட்டும் கேட்டாராம். மண்வெட்டி கொண்டு வரவில்லை. அவ்வளவு பேரைப் பார்த்ததும் மனிதருக்குக் கோபம்கூட வரவில்லை போலிருக்கிறது.

நாங்கள் குதிரைப் பண்ணைக்குப் போனபோது கோலைக் கலைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் தரையிறங்கிவிட்டார்கள் என்று செய்தி வந்ததாம். ஒரு ஆள் பாக்கி என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. காற்றடைத்த பெரிய வரவேற்பு வளைவு, காற்றுப் போய், பெருமூச்சு விட்டுக்கொண்டு புல்லில் படுத்திருந்தது. கொடிகளைப் பிடுங்கி மினி லாரியில் போட்டிருந்தார்கள். புல்லில் சுண்ணாம்புக் கோடு மட்டும் மிச்சம்.

டாக்டர் ஓடிப்போய் லாரியிலிருந்து இரண்டு கொடிக் கம்புகளை இழுத்துக்கொண்டு வந்தார். கோட்டைத் தாண்டினால் கருவியே பதிவு செய்துவிடுமே, கொடி எதற்கு என்று கேட்டேன்.

"மெஷினுக்கு வேண்டாம் சார். அவங்களுக்கு வேணும்" என்றார்.

ஆகவே கோட்டின் ஒரு முனையில் பல் டாக்டரும் மறு முனையில் நானும் ஆளுக்கொரு கம்பைப் பிடித்துக்கொண்டு, அசையாமல், அரசாங்க விழாவில் நிற்பவர்களைப்போல நின்றோம். கால்வாய்ப் பக்கம் வானம் வெளிறிக் கிடந்தது. குதிரைகள் மேய்ச்சலை நிறுத்திவிட்டு ஒரே திசையில் காதை நிமிர்த்தின. அவற்றுக்குத்தான் முதலில் தெரிந்தது.

கால்வாய்க்கு அந்தப்புறம் மரங்களின் மட்டத்தில் அவள் வந்தாள். இனிமேல் தூணும் கிடையாது, இன்னொரு வட்டத்துக்கு உயரமும் கிடையாது. இருக்கிற உயரம் தரையைத் தொடுவதற்குள் கோடு வர வேண்டும். மரம் தாண்டினாள். தண்ணீர் தாண்டினாள். வேலி மிச்சமிருந்தது. வேலியைத் தாண்டும்போது கால்களை மடக்கி மேலே தூக்கிக்கொண்டதைப் பார்த்தேன்.  அவள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், இடுப்புயரத்தில், உஸ் என்ற சத்தத்தோடு போனாள். முட்டிக்காக, காலூன்றி நிற்காமல், இருக்கையோடு புல்லில் உட்கார்ந்து சறுக்கினாள். இறக்கை மெதுவாக வந்து அவள் தலைமேல் போர்த்தியது.

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"இந்தப் பக்கம்" என்றேன்.

துணி கொஞ்ச நேரம் அசையவில்லை. நானும் விலக்கப் போகவில்லை. முகத்தில் கரி, உடம்பெல்லாம் சூளை வாசனையோடு அவளே வெளியே வந்தாள். வழக்கம்போல நான் இறக்கையைத் தப்பாக மடிக்கிறேன் என்று திட்டினாள். அவ்வளவு சந்தோஷமான திட்டு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் பள்ளி மண்டபத்தில் கூட்டம். தலைவர் காலணியில் வயல் மண்ணோடு மேடை ஏறினார். பாதை விளக்கத்தில் தெளிவின்மை நேர்ந்துவிட்டதென்றும், விளையாட்டின் மாண்பைக் கருதி இன்றைய போட்டியைச் செல்லாததாக அறிவிப்பதே அறமென்றும் சொன்னார். ஆமோதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். உருளைக்கிழங்கில் இறங்கிய அத்தனை கைகளும் உயர்ந்தன. டாக்டர் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் எழுந்தேன். மாண்பு என்ற சொல்லைப் பற்றி என்னிடம் சில கருத்துகள் தயாராக இருந்தன. அவள் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக் கீழே இழுத்து உட்காரவைத்துவிட்டாள்.

"விடுங்க. முப்பது பேரு. நீங்க எத்தனை பேரைப் பேசி ஜெயிப்பீங்க?"

"செல்லாதுங்கறாங்களே."

"அவங்க சொல்றாங்க" என்றாள்.  கை என் சட்டையை விடவில்லை. அந்தக் கை இறுகியிருந்தது.

கிளப்பின் பதிவுகளின்படி என் மனைவி ஒருபோதும் கோலை அடையவில்லை. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

கூட்டம் கலைந்ததும் டீ மேஜைக்குப் போனாள். அந்தக் கூட்டத்தாரிடம் ஒரு வழக்கம் உண்டு. பறந்து முடித்த சாயங்காலம், கோலைத் தொட்டவனைத்தான் சுற்றி நிற்பார்கள். அவன் உள்ளங்கையை இறக்கையாக விரித்து, எங்கே திரும்பினேன், எங்கே விழுந்தேன், எங்கே ஏறினேன் என்று காற்றில் காட்டுவான். தொடாதவனிடம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். முதுகைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். முதலில் ஒரு சின்னப் பெண் வந்து, "டீச்சர், கோபுரத்தை விட்டப்ப எவ்வளவு உயரம் இருந்தீங்க?" என்று கேட்டாள். என் மனைவி டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளங்கையை விரித்தாள். அடுத்து இரண்டு பேர் வந்தார்கள். பிறகு ஐந்தாறு பேர். கொஞ்ச நேரத்தில், செல்லாது என்று கை தூக்கிய கூட்டம் பெரும்பாலும் அந்த மேஜையைச் சுற்றித்தான் நின்றது. எல்லோர் கண்களும் அவள் கையின் பின்னாலேயே போயின. டாக்டர் புகையாக நடித்தார். விரலைச் சாய்த்துக் காட்டி, பிறகு நிமிர்த்தினார்.

கடைசியாகத் தலைவர் வந்தார். கூட்டத்துக்கு வெளியே ஒதுங்கி நின்றார். பிறகு ஓர் அடி முன்னால் வந்தார், இன்னோர் அடி. மேடையில் கேட்ட குரல் எங்கோ போய்விட்டிருந்தது.

"புகைக்கிட்ட எந்தப் பக்கம் திரும்புனீங்க டீச்சர்?"

அவள் அவரைப் பார்த்தாள். கையை மறுபடி சூளை உயரத்துக்குத் தாழ்த்தினாள்.

"இடது பக்கம்" என்றாள். "மெதுவா."

அவரும் தன் கையை உயர்த்தி, அவள் கையின் பின்னாலேயே, மெதுவாக, இடது பக்கம் திருப்பிப் பார்த்தார்.